லிஃப்ட் ஏறிய சூஃப்லே

லிஃப்டில் ஏறும்போதே வளர்ந்த பலகாரம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டுப் பலகாரம். தரைத்தளத்தில் ஓவனை விட்டு வெளியே வந்தபோது கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரம். வழியில் மூன்று விரல். நடுவில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வேறு தொங்கியது. இதை நான் சொன்னால் எங்கள் வீட்டு நாற்காலிகூடத் திரும்பி உட்கார்ந்து சிரிக்கும். சிரிக்கட்டும். நடந்ததை நடந்தபடி, ஒரு சொட்டுகூடக் கூட்டாமல் சொல்கிறேன். (ஒன்றிரண்டு சொட்டு கூடினால் கண்டுகொள்ளாதீர்கள்.)

போன வாரம் கஸ்டர்டோடு நிறுத்தியிருந்தேன். அதைக் கோட்டைவிட்டவர்களுக்காக ஒரு சுருக்கம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது அவளுடைய மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பு, இனிப்பு, புளிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். வாசனை மட்டும் அறவே இல்லை. ரோஜாவும் என் பழைய செருப்பும் அவளுக்கு ஒன்றுதான்.

அவளுக்கு இரண்டு தோழிகள். ஒருவர் டீச்சராக இருந்தவர், இன்னும் டீச்சர்தான். மற்றவர் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர், அதனால் எக்ஸ்ரே. மாதத்துக்கு ஒருத்தி வீட்டில் விருந்து என்பது இவர்களின் பழைய ஏற்பாடு. காய்ச்சலுக்குப் பிறகு, "உன் முறையையும் நாங்களே பாத்துக்கறோம். நீ சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பு அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

அப்போது பிடித்ததுதான் இந்த பிரெஞ்சுச் சமையல். "அது எப்படி இருக்கணும்னு இவங்க யாருக்கும் தெரியாதுல்ல? அப்பறம் எப்படித் தப்புக் கண்டுபிடிப்பாங்க?" என்றாள். மருந்து கலக்கிய கை. கிராம் கணக்கில் வெண்ணெய் நிறுத்தாள். முதலில் கேரமல் கஸ்டர்ட் செய்தாள். பால் அடிப்பிடித்துவிட்டது. வீடே தீய்ந்து நாறியது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

டீச்சர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எக்ஸ்ரே இன்னொரு கிண்ணம் கேட்டார். நான், தேவலோகத்தில் இதை வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்றேன். என் மச்சினன் ஒருவன்தான் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அக்கா, தீஞ்ச வாசனை வருது."

அவன் அப்படித்தான். நில அளவையாளராக இருந்தவன். சூரியன் உதித்துவிட்டது என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து சரிபார்த்துவிட்டுத்தான் "ஆமாம்" என்பான். வீடு அடுத்த தெருவில். சாப்பாடு எங்கள் வீட்டில். என் வாயிலிருந்து வரும் எந்த வாக்கியத்தையும் அவன் இதுவரை முழுசாக நம்பியதில்லை. பாதி நம்பினால் அன்று எனக்குப் பண்டிகை.

அதோடு கஸ்டர்ட் கதை முடிந்தது. இனி நேற்றைய கதை.

காலையில் காபியைக் கையில் கொடுக்கும்போதே அறிவித்துவிட்டாள்.

"இன்னிக்கு ராத்திரி அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன். வெங்காய சூப், ஒயின்ல வேகவச்ச கோழி, அப்பறம் சூஃப்லே."

முதல் இரண்டுக்கும் தலையாட்டிய மச்சினன் மூன்றாவதில் நிமிர்ந்தான்.

சூஃப்லே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: முட்டையின் வெள்ளைக்கருவை மேகமாகும்வரை அடித்து, சீஸ் போட்ட சாஸில் மெதுவாகக் கலந்து, கிண்ணத்தில் ஊற்றி ஓவனில் வைத்தால், அது கிண்ணத்தை மீறி எழும்பி நிற்கும். வெளியே எடுத்ததும் பெருமூச்சு விட்டு அமுங்க ஆரம்பிக்கும். சாப்பிடுகிறவர்கள்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். அது யாருக்காகவும் காத்திருக்காது. அந்த விஷயத்தில் எங்கள் மாப்பிள்ளை வீட்டாரை மாதிரி.

"எதுக்குக்கா இந்த விஷப்பரீட்சை? சூப் இருக்கு, கோழி இருக்கு. போதாதா?" என்றான் மச்சினன்.

"சூப் நல்லா இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"நாங்க சொல்றோம்."

"அதான். நீங்க சொல்லணும். ஒவ்வொரு வாய்க்கும் நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். மூஞ்சி பொய் சொல்லுதுடா. அன்னிக்கு அவங்க கிண்ணத்த வழிச்சாங்கல்ல?" கையிலிருந்த முட்டையை மேசையில் வைத்தாள். அது உருளாமல் இருக்க ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். "இது பொய் சொல்லாது. நின்னா நின்னதுதான், அமுங்கினா அமுங்கினதுதான். மூக்கு வேண்டாம், யாரையும் கேக்க வேண்டாம். என் மேசையில வந்து நிக்கறத என் கண்ணால ஒரு தடவ பாக்கணும்."

"சரியா வரலேன்னா?"

"வரலேன்னா இனிமே யாரையும் கூப்பிட மாட்டேன். அவங்க கூப்பிட்டா போய் சாப்பிட்டுட்டு வரேன். அவ்வளவுதான்."

நான் எழுந்துபோய் வெங்காயம் நறுக்கினேன்.

எவ்வளவு வெங்காயம் என்கிறீர்கள்! பிரெஞ்சுக்காரர்களின் சூப்பில் வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று நறுக்கி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது மாடியில் இருப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வெங்காயம் வெண்ணெயில் பொன்னிறமாக வதங்கிக்கொண்டே இருந்தது. கருகுகிறதா என்று மோந்து பார்க்கும் பொறுப்பு மச்சினனுடையது. மூக்கை வாணலிக்கு மேல் நீட்டிக்கொண்டு, மண் பரிசோதனை செய்பவன் மாதிரி நின்றான். கோழிக்கென்று ஒயின் பாட்டிலைத் திறந்தாள். அத்தனையும் கோழிக்குத்தான் போனது. நான் வெறும் சாட்சி.

மத்தியானம் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"ஆமா, ஆறாவது மாடிதான்... எந்த ஓட்டல்?... அஞ்சு பேர் சாப்பாடா?" கேட்டுக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். அவன் வாணலியைப் பார்த்தான். "இல்லைங்க, வேண்டாம். தெரியாம சொல்லிட்டாங்க."

போனை வைத்தாள். அவ்வளவுதான். அவள் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. பாத்திரங்கள் மட்டும் அதனதன் இடத்தில் ரொம்பச் சரியாகப் போய் உட்காரும். அன்று மத்தியானம் எங்கள் சமையலறையில் ஒரு டம்ளர்கூடக் கோணலாக இல்லை. தம்பியோடு பேச்சும் இல்லை.

பால்கனியில் என்னைப் பிடித்துக்கொண்டான் மச்சினன். "ஒரு பாதுகாப்புக்குத்தான் சொல்லி வச்சேன் அத்தான்."

"மாப்ளே, பாராசூட் கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறுற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க. வாயத் தொறந்தா எல்லாம் அமிர்தம்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. கடைசில நெஜத்தச் சொல்ற வேலை என் தலையில விழும்."

அது எனக்கு அப்போது சரியாகக் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் டீச்சர் கைத்தடியோடும் எக்ஸ்ரே பூங்கொத்தோடும் வந்தார்கள். டீச்சர் இடுப்பு எலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அவரை நாற்காலியில் உட்கார வைப்பது பியானோ இறக்குவது மாதிரி ஒரு காரியம். உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுப்பக் கூடாது. சூப்பைப் பரிமாறினேன். இரண்டு பேரும் முதல் ஸ்பூனிலேயே "ஆகா" என்றார்கள். சூப் வாய்க்குள் போவதற்கு முன்பே வந்த ஆகா அது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைக்கருவை அடித்து முடித்து, கலவையைக் கிண்ணத்தில் ஊற்றி, ஓவனைத் திறக்கப் போனபோது, ஓவனுக்குள் "டப்" என்றது. விளக்கு அணைந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்த மெஷின் செத்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பிணப் பரிசோதனை செய்யச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். திறந்து பார்த்தேன். சூடாகும் கம்பி இரண்டாகப் போயிருந்தது.

"இன்னிக்கு இது எழுந்திரிக்காது."

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக்கரு அடித்தாகிவிட்டது. அதிலிருக்கும் காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் போய்க்கொண்டிருக்கும். கூடத்திலிருந்து எக்ஸ்ரேயின் குரல் வந்தது: "ஒண்ணும் அவசரம் இல்லைம்மா, நாங்க சூப்பே இன்னொரு ரவுண்டு சாப்பிடறோம்."

அதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"கீழ கேக் அக்கா வீட்டுல ஓவன் இருக்கு," என்றாள்.

தரைத்தளத்தில் பிறந்தநாள் கேக் செய்து விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். போன் செய்தோம். கேக் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

சாப்பிட வந்தவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போனால் போச்சே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டீச்சரின் இடுப்பு ஒரு பதில். அவள் சொன்னது இன்னொரு பதில்: "விருந்து என் வீட்டுல. என் மேசையில."

"அப்ப அத லிஃப்ட்ல மேல கொண்டு வரணும். நம்ம லிஃப்ட்லயா?" என்றான் மச்சினன்.

நியாயமான கேள்வி. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஒரு முரட்டுக் குதிரை. வேகமாக ஏறும், மாடி நெருங்கி வேகம் குறையும் இடத்தில் ஓர் உதறு உதறும். இதில் ஏறி வந்த ஒருவரின் பல் செட் ஐந்தாவது மாடியில் இறங்கி, அவர் மட்டும் ஆறாவது மாடிக்கு வந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. (அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.) அந்த உதறலில் சூஃப்லே என்ன, செங்கல்லே அமுங்கிவிடும்.

"உதறாம நான் ஏத்தறேன்," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மொட்டை மாடியில் மெஷின் ரூம் இருக்கிறது. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் இறக்கிவிடுவதற்காக, கட்டிடத்துச் செக்ரட்டரி அதன் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அங்கிருந்து சர்வீஸ் முறையில் ஓட்டினால் லிஃப்ட் எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறும். உதறல் கிடையாது. பட்டனை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். கூண்டு எந்த மாடியில் இருக்கிறதென்று மேலேயிருந்து தெரியாது. ஆனால் கயிற்றில் மாடிக்கொரு மஞ்சள் பெயிண்ட் அடையாளம் உண்டு. அதைப் பார்த்து நிறுத்தலாம்.

"உள்ள ஆள் இருக்கும்போது அப்படி ஓட்டலாமா அத்தான்?"

"கூடாதுதான்."

அவள் யோசிக்கவே இல்லை. அடிகனமான இரும்புப் பானை ஒன்றை எடுத்தாள். "இதையும் அந்த ஓவன்லயே காய வச்சிடறேன். கிண்ணத்த எடுத்த கையோட இதுக்குள்ள இறக்கி மூடிடணும். சூடு போகாது. ஆறாவது மாடி வர்ற வரைக்கும் அது ஓவனுக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கட்டும்." பிறகு, மத்தியானத்துக்குப் பின் முதல் முறையாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "பானையப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வா. மூடிய மட்டும் தொறந்த, தொலைச்சிடுவேன்."

அவர்கள் கீழே போனார்கள். சூஃப்லே வேகும்வரை நான் விருந்தாளிகளுக்குக் கதை சொன்னேன். ஒரு முறை யானையை லிஃப்டில் ஏற்றிய கதை. டீச்சர் அதை மறுத்துக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டதால், யானையைப் பாதி மாடியில் விட்டுவிட்டு மெஷின் ரூமுக்கு ஓடினேன்.

போனில் அவள் குரல் வந்தது. "எடுத்தாச்சு. ரெண்டு விரல் எழும்பியிருக்கு. மூடிட்டேன். உள்ள வந்துட்டோம்."

பட்டனை அழுத்தினேன். சக்கரம் பூனை நடை போட்டது. தரைத்தளத்து அடையாளம் என்னைத் தாண்டிப் போனது. அடுத்தது. அதற்கடுத்தது. வேலை பார்த்த நாளில்கூட நான் இவ்வளவு வழவழப்பாக ஒரு லிஃப்டை ஏற்றியதில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே தூங்கிவிடலாம், அப்படி ஓர் ஏற்றம்.

மூன்றாவது மாடி அடையாளம் தாண்டியது. அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது.

மெஷின் ரூம் தரையில் கயிறுகள் இறங்குவதற்குத் துளைகள் உண்டு. கூண்டுக்குள் பேசினால் அந்த வழியாகக் கிணற்றிலிருந்து வருவது மாதிரி குரல் மேலே வரும். வந்தது.

"ஏண்டா, உனக்குமா என் மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு?"

என் விரல் பட்டனை விட்டு எழுந்தது.

நான் எடுக்கவில்லை. அதுவாக எழுந்தது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது: சர்வீஸ் முறையில் ஓட்டும்போது உள்ளேயிருந்து ஆள் குரல் கேட்டால், யார் என்ன என்று பார்க்காதே, விரலை எடு. ஒரு ஆயுள் முழுக்க அதைச் செய்த விரல். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியும் என்பதோ, அந்த ஆள் என் மனைவி என்பதோ, அந்த விரலுக்குத் தெரியாது.

லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது.

"நின்னுடுச்சுக்கா!"

"என்னங்க! என்னங்க, கேக்குதா? என்ன ஆச்சு?"

மறுபடி அழுத்தவேண்டியதுதானே? அழுத்தத்தான் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"நம்பிக்கை இல்லாம இல்லைக்கா. அன்னிக்கு நான் தீஞ்ச வாசனைன்னு சொன்னேன். அதுக்கப்பறம் எத்தனை நாள் நீ அடுப்புப் பக்கமே வரல? தெனமும் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். நான் அதச் சொல்லாம இருந்திருக்கலாம். எல்லாரும் மாதிரி வழிச்சுச் சாப்பிட்டிருக்கலாம். எனக்கு வரல. இன்னிக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான்தானே சொல்லணும்? ஓட்டல் சாப்பாடுன்னா மூஞ்சியச் சுளிச்சு நல்லா இல்லேன்னு சொல்லிடலாம். உன்கிட்ட இன்னொரு தடவ சொல்ல என்னால ஆகாது."

பட்டனிலிருந்து ஒரு நகக்கண் தூரத்தில் என் விரல் நின்றது. கீழே பானைக்குள் சூடு குறைந்துகொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தும் அழுத்த முடியவில்லை. அழுத்தினால் சக்கரத்தின் சத்தத்தில் அவள் பதில் முழுசாகக் கேட்காது.

"பைத்தியம்," என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "அவங்க ரெண்டு பேரும் பூ தூவுவாங்க. உங்க அத்தான் லாரி வச்சுக் கொட்டுவார். நீ ஒருத்தன்தான் உள்ளதச் சொல்றவன். நீயும் பூ தூவ ஆரம்பிச்சா நான் யாரைடா கேப்பேன்?"

அடுத்து வந்தது ஒரு கத்தல், நேராக என் மண்டைக்கு: "என்னங்க! அங்க தூங்குறீங்களா? சூஃப்லே!"

அழுத்தினேன். ஆறாவது மாடியின் மஞ்சள் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தினேன். படி இறங்கி ஓடினேன். அன்று நான் இறங்கிய வேகத்தில் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியிருக்கலாம். வயசுச் சான்றிதழ்தான் இடிக்கும்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது பானை மேசைமேல் இருந்தது. மச்சினன் அதை வைத்துவிட்டு, "துணி சூடாயிடுச்சு, விரல் பொசுங்குது" என்று குழாயடிக்கு ஓடிக்கொண்டிருந்தான். டீச்சரும் எக்ஸ்ரேயும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி பானைக்கு நேர்மேலே குனிந்து, மூடியைப் பிடித்து, திறந்தாள்.

நின்றதய்யா! பொன்னிறத் தொப்பி வைத்த ராஜா மாதிரி, கிண்ணத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் பார்க்கவில்லை.

மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று எழும்பிய ஆவி அவள் கண்ணாடியை மூடிவிட்டது. இரண்டு வெள்ளை வட்டங்கள். கழற்றினாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு நானும் அலமாரியும் ஒன்று. அவசர அவசரமாக ஏப்ரனில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், மாட்டினாள்.

அதற்குள் ராஜா மூச்சை விட்டுவிட்டார். விளிம்போடு விளிம்பாக இறங்கி, நடுவில் குழி விழத் தொடங்கியிருந்தது.

"எவ்வளவு உயரம்!" என்றார் டீச்சர்.

"அம்மாடி, நான் பயந்தே போயிட்டேன்," என்றார் எக்ஸ்ரே.

"விளக்குல இடிச்சிருக்கும்மா! நான்தான் விளக்க நகத்தி விட்டேன்!" என்றேன் நான்.

அவள் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். கஸ்டர்டின்போது பார்த்த அதே முகங்கள். வாழ்க்கையில் நான் பார்த்ததை அப்படியே சொல்ல நினைத்த ஒரே தருணம், பாழாய்ப்போன வாய் விளக்கை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மெய்யாவே நின்னுச்சும்மா," என்றேன். மெல்லச் சொன்னேன். அது இன்னும் பொய் மாதிரி இருந்தது.

குழாயடியிலிருந்து மச்சினன் வந்தான். அவனிடம்தான் கேட்டாள். "நீ பாத்தியா?"

"தொறக்கும்போது நான் இங்க இல்லையேக்கா."

"ஆமால்ல," என்றாள். கரண்டியை எடுத்து எல்லோருக்கும் போட்டாள். சீஸும் வெண்ணெயுமாக வாய்க்குள் வைத்ததும் காணாமல் போனது. நாங்கள் சாப்பிட்டோம். அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

கோழியை எடுத்து வைப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. செக்ரட்டரி.

"சார், லிஃப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுச்சு. நாலாவது மாடியில நான் பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்தேன், வரல. மேல பாத்தா மெஷின் ரூம்ல லைட். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. ஒரு முக்கியமான ஆள மேல கொண்டு வர வேண்டியிருந்தது."

"யாரு?"

மேசையைக் காட்டினேன். அவர் உள்ளே வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அதற்குள் அது இன்னும் குழிந்து, மழைக்காலத்து ரோடு மாதிரி இருந்தது.

"இதுக்கா லிஃப்ட நிறுத்தினீங்க?"

"இது இல்லீங்க. இது அது உக்காந்த பிறகு. வரும்போது நின்னுக்கிட்டு வந்துச்சு."

"லிஃப்ட்லயா? நம்ம லிஃப்ட்லயா?" அவர் சிரித்துவிட்டார். "சார், நீங்க சொல்றத நான் எப்பவும் அஞ்சால வகுத்துத்தான் எடுத்துக்கறது. இத எதால வகுக்கறதுன்னே தெரியல. ஏம்மா, இதெல்லாம் கீழயே அமுங்கியிருக்கும். இவரு உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு."

டீச்சர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "நாங்க பாத்தோம்!"

"பாத்திருப்பீங்க டீச்சர், பாத்திருப்பீங்க." அவர் ஒரு கையால் அதை அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. வரும்போது சாவியக் கொண்டு வந்துடுங்க. உங்ககிட்ட அது இருக்கணுமான்னு எல்லாரையும் கேப்போம்."

என் மனைவி கிண்ணத்தை எடுத்தாள், சமையலறைக்குக் கொண்டுபோக. "விடுங்க. சாவியக் கொடுத்துடலாம். இனிமே அது எதுக்கு," என்றாள் என்னிடம்.

"வச்சிடுக்கா," என்றான் மச்சினன்.

அவள் நின்றாள்.

"கிண்ணத்தக் கீழ வை."

அவனைப் பார்த்ததும் செக்ரட்டரியின் குரலில் மரியாதை வந்தது. கீழே வண்டி நிறுத்துவதற்குக் கோடு போட்டுச் சண்டையைத் தீர்த்தவன் அவன். அவன் சொல்லுக்கு எங்கள் கட்டிடத்தில் மறுபேச்சு கிடையாது. "நீங்க சொல்லுங்க சார். நீங்கதானே லிஃப்ட்ல இதத் தூக்கிட்டு வந்திருப்பீங்க? இது நின்னுதா, அமுங்குச்சா?"

மச்சினன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"நான் மூடியத் தொறந்தேன்க்கா."

"எப்ப?"

"நடுவுல நின்னப்ப. நீ மேல பாத்து அத்தானக் கத்திக்கிட்டிருந்தியே, அப்ப. பானையத் தரையில வச்சுட்டு, ஒரு இடுக்கு அளவுதான். அமுங்கிடுச்சான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அமுங்கியிருந்தா இப்பவே சொல்லிடலாம், மேசையில எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு."

"தொறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"துணி சூடாச்சுன்னு சொன்னதெல்லாம்?"

"துணி சூடாகல."

அவன் வலது கையை நீட்டினான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, நுனியிலிருந்து பாதிவரை சிவந்து கிடந்தன. அவற்றைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துக் காட்டினான், ஒன்றன்மேல் ஒன்றாக, பானைக்குள் வைத்தது போலவே.

"கீழ ரெண்டுதான் இருந்துச்சு. நடுவுல நிக்கும்போது இதோ, இதுவரைக்கும்." சுண்டு விரலை மடக்கிக்கொண்டு மற்ற மூன்றையும் அவள் கண்ணாடிக்கு நேராக உயர்த்தினான். "அத்தான் சொல்றது இந்த ஒரு தடவ நெஜம்க்கா. மூணு விரல். நான் அளந்துட்டேன்."